அணி இலக்கணத் திருப்புதல்: அட்டவணையா, அட்டையா, மாற்றி எழுதுதலா?

அணி இலக்கணத்தைத் திருப்பிப் பார்க்க மாணவர்கள் முதலில் நாடுவது அட்டவணையைத்தான்: அணியின் பெயர், இலக்கணம், சான்றுக் குறள். விடையின் வடிவம் மனத்தில் பதிய இது உதவும். உவமை, உவமேயம் (உவமிக்கப்படும் பொருள்), உவம உருபு (‘போல’ போன்ற சொல்) என்று பிரித்து எழுதும்போது கை தடுமாறாது. ஆனால் படிக்காத பாடலைக் கொடுத்துக் கேட்டால் அட்டவணை கைகொடுக்காது. ‘போல’ கண்ணில் பட்டதும் உவமையணி என்று எழுதிவிடுவார்கள். மதுரை மதிற்கொடிகள் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டித் தடுப்பதுபோல அசைந்தன என்னும் சிலப்பதிகாரப் பகுதியிலும் ‘போல்’ உண்டு. அங்கே இருப்பது தற்குறிப்பேற்றம். கொடி காற்றில் இயல்பாக ஆடுகிறது. அதற்குப் புலவர் தம் கருத்திலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்கிறார்.

அட்டை முறையில் ஒரு பக்கம் குறள், மறுபக்கம் அணியின் பெயர். பெயரோடு ஒரு வரியில் காரணமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘பீலிபெய் சாகாடும்’ என்னும் குறளைக் கேட்டதும் பிறிதுமொழிதல் (உவமையை மட்டும் சொல்லிப் பொருளை உணரவிடுவது) என்று வாய் சொல்லும். ஏன் என்று கேட்டால் பதில் வராது. செய்யுளின் அமைப்பைச் சொல்லும் யாப்புக்கு மட்டும் அட்டையை மிஞ்ச எதுவும் இல்லை. அசைகள் சேர்ந்து சீராகும் வாய்பாடுகளை நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம் என்று கலைத்துக் கலைத்துக் கேட்கலாம். குறளின் கடைசிச் சீரான ஈற்றுச்சீருக்குத் தனி அட்டை போடுங்கள்: நாள், மலர், காசு, பிறப்பு. முதற்குறளின் ‘உலகு’ பிறப்பு என்னும் வாய்பாடு. அதைப் புளிமா என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் பலர்.

அணிக்கு நாங்கள் பரிந்துரைப்பது மாற்றி எழுதுதல். ஒரே கருத்தை எடுத்து ஆறு அணிகளில் எழுதிப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் கடந்த கடலூர் மாவட்டத்தில் அதற்கான பொருளைத் தேடவே வேண்டாம். ‘அவர் சினம் புயல்போல வீசியது’ உவமை. ‘சினப்புயல் வீசியது’ உருவகம். ‘சினப்புயலில் பொறுமையைப் பற்றிக்கொள்’ ஏகதேச உருவகம். சினம் புயலாயிற்று, பொறுமை நங்கூரமாகவில்லை. ‘புயல் வீசினால் முந்திரி மரம் சாயும், சினம் மிகுந்தால் உறவு சாயும்’ எடுத்துக்காட்டு உவமை, ஏனெனில் இரண்டும் தனித்தனித் தொடர், உருபு மறைந்திருக்கிறது. சினந்து நிற்பவரிடம் ‘புயலில் சாய்ந்த முந்திரியை நிமிர்த்த முடியாது’ என்று மட்டும் சொன்னால் பிறிதுமொழிதல். உவமேயத்தைக் கேட்பவரே உணர்ந்துகொள்ள வேண்டும். ‘ஊருக்குள் வராதே என்று புயலைத் தடுப்பதுபோல் தேவனாம்பட்டினத்துச் சவுக்குகள் தலையாட்டின’ தற்குறிப்பேற்றம்.

இந்த ஆறையும் எழுதிய மாணவர், எதை நீக்கினால் எது மாறுகிறது என்று கையாலேயே அறிந்துவிடுகிறார். நேரம் கூடுதலாகும், எழுதியதைத் திருத்த ஆசிரியரும் வேண்டும். இந்த இரண்டும் இதன் குறைகள். தேர்வுக்கு முந்தின நாள் இதைத் தொடங்கக் கூடாது, அன்றைக்கு அட்டவணையே போதும்.

கதையில் சொல்பவர் யார் என்ற கேள்விக்கும் மாற்றி எழுதுதலே நல்லது. உரையாடலில் ‘நான்’ வந்தால் கதை தன்மையில் இருக்கிறது என்று நினைப்பதுதான் வழக்கமான பிழை. மேற்கோள் குறிக்கு வெளியே பார்க்க வேண்டும். படர்க்கையில் உள்ள ஒரு பத்தியை ஒரு பாத்திரத்தின் ‘நான்’ ஆக்கி எழுதச் சொல்லுங்கள். அடுத்தவர் மனத்தில் ஓடுவதைச் சொல்லும் வரி வந்ததும் பேனா நிற்கும். அந்த வரியை நீக்குவதா, முகக்குறிப்பாக மாற்றுவதா என்று மாணவரே முடிவு செய்யட்டும்.