ரெசின் காஸ்டிங் என்று 14,600 ரூபாய் வாங்கினார்கள், வந்தது வேகாத பிரிண்ட்

வலது கையில் மூன்று விரலுக்கு மருந்து போட்டிருக்கிறேன். இடது கையால்தான் இதை அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 14,600 ரூபாய் போனதோடு முடிந்திருந்தால் இரண்டு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். விரல் எரியும்போது விட மனசு வரவில்லை.

மினியேச்சர் என்கிற குட்டி உருவங்களுக்கு பெயின்ட் பண்ணுவது எனக்கு ஆறு வருஷப் பழக்கம். காஸ்டிங் என்றால் அச்சில் ரெசினை ஊற்றி இறுக வைத்தது. பிரிண்ட் என்றால் திரவ ரெசினைப் புற ஊதா ஒளியால் அடுக்கடுக்காக இறுக்கி எடுக்கிற 3டி பிரிண்ட்; அது முழுதாக இறுகாவிட்டால் வேகாதது. அண்ணன் மகன் நண்பர்களோடு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற கதை விளையாட்டு ஆடுகிறான். அதில் அவனுடைய வீரன் யாளி மேல் ஏறி வருகிறவன். எங்கள் ஊர் வேலூர். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபத் தூண்களில் முன்னங்கால் தூக்கி நிற்கிற யாளிகளைச் சின்ன வயசிலிருந்தே அண்ணாந்து பார்த்து வளர்ந்த பையன். "அத்தை, எனக்கு அது மாதிரி ஒண்ணு செஞ்சு குடு"ன்னு இரண்டு வருஷமாகக் கேட்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு 16 வயசு. அதற்குத்தான் இது.

யாளி கிட்டாக, அதாவது ஒட்டிச் சேர்க்கிற துண்டுகளாக, எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. பல கிட்டுகளின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்குகிற கிட்பாஷ்தான் வழி. ஒரு கிட்டிலிருந்து பாயும் சிங்கத்தின் உடம்பு, இன்னொன்றிலிருந்து யானையின் தும்பிக்கையும் தந்தமும், மூன்றாவதிலிருந்து ஈட்டி வீரன். மேசையில் ஆட 32 மில்லிமீட்டர் போதும். இது அலமாரியில் வைக்க வேண்டியது என்பதால் 75 மில்லிமீட்டர் அளவில் தேடினேன். படமும் குட்டி வீடியோவும் போடும் செயலி ஒன்றில் கடை நடத்துகிறவர் கண்ணில் பட்டார். மூன்றும் அவரிடம் இருந்தன.

நான் அவரை நம்பிய இடத்தைச் சொல்லியாக வேண்டும். மெசேஜ் அனுப்பிய பத்தாவது நிமிஷம் அவரே போன் பண்ணினார். தமிழில் பேசினார். யாளி என்றதும், "கஜ யாளியா, சிம்ம யாளியா அக்கா?" என்று கேட்டார். இந்தப் பொழுதுபோக்கில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். அரை மணி நேரம் பேசினோம். நான் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "இது பாலியூரிதேன் காஸ்டிங்கா, இல்ல பிரிண்டா?" அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "சத்தியமா காஸ்டிங் அக்கா. பிரிண்ட் நாங்க தொடறதே இல்ல." அன்று இரவே சிலிகான் அச்சைப் பிரித்து சிங்கத்தின் தோளை வெளியே எடுக்கிற வீடியோ ஒன்று அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் 7,000 அனுப்பினேன். செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், நேராக யூபிஐயில் போட்டால் பத்து சதவீதம் குறைக்கிறேன் என்றார். பார்சல் கிளம்பும்போது இன்னொரு 7,600. ஆக 14,600.

அந்த வீடியோ ஒரு வெளிநாட்டுக் கலைஞரின் பக்கத்தில் இருப்பதை நேற்றுதான் பார்த்தேன். ஓரத்தில் இருந்த அவர் பெயரை வெட்டிவிட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார்.

24 நாள் கழித்துப் பெட்டி வந்தது. எல்லாத் துண்டுக்கும் சாம்பல் நிற ப்ரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முன்னால் அடிக்கிற அடிப்பூச்சு, அடித்திருந்தது. "உங்களுக்காக ஃப்ரீயா அடிச்சேன் அக்கா, வேலை மிச்சம்" என்றார். எனக்கும் சந்தோஷம். பிசுபிசுப்பையும் பிரிண்டின் அடுக்கு வரிகளையும் அந்த ஒரு கோட்டில் மூடித்தான் அனுப்பியிருக்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது சிங்கத்தின் தொடையில் மெல்லிய வரிகள் தெரிந்தன. கேட்டேன். "மாஸ்டரே பிரிண்ட்தான் அக்கா, அந்த வரி அச்சுல விழுந்து காஸ்டிங்லயும் வரும்." மாஸ்டர் என்றால் அச்சு எடுக்கிற மூல உருவம். அது பொய்யில்லை, அப்படி வருவதுண்டு. அதனால் நம்பினேன். தும்பிக்கைக்குப் பித்தளைக் கம்பி சொருக 1 மில்லிமீட்டர் துளை போட்டபோது ட்ரில் சட்டென்று வெற்றிடத்துக்குள் இறங்கியது. மறுபடி கேட்டேன். "காத்துக் குமிழி அக்கா." காஸ்டிங்கில் குமிழியும் வருவதுதான். இந்த ஆளுக்குத் தொழில் தெரியும், தெரிந்த விஷயத்தை வைத்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்.

காஸ்டிங் என்று நம்பியதால் காஸ்டிங்கைக் கையாளுகிற மாதிரியே கையாண்டேன். நன்றாக இறுகிய பாலியூரிதேனைத் தொடக் கையுறை தேவையில்லை. அச்சிலிருந்து ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை போக வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டு, வெறும் கையால், பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். உரசும்போது தூளை மூச்சில் இழுக்கக் கூடாது என்று மாஸ்க் போட்டு, ஈர உப்புத்தாளில் தேய்த்தேன். விரலைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பதினோரு ராத்திரி வேலை. சிங்க மூக்குக்கும் தும்பிக்கைக்கும் நடுவே இருந்த பள்ளத்தை எபாக்ஸி புட்டியால் நிரப்பினேன். மஞ்சளும் நீலமும் சரிபாதி பிசைந்தால் பச்சையாகுமே, அது. அதே புட்டியில் பிடரி மயிரைக் கோவில் தூணில் இருப்பது போல் சுருள் சுருளாக இழைத்தேன். மேலே கறுப்பு ப்ரைமர், உச்சியிலிருந்து மட்டும் வெள்ளை, அப்புறம் மெல்லிய அக்ரிலிக் கோட்டுகள். கண்ணுக்கு மட்டும் ஒரு முழு ராத்திரி. என் கையால் இவ்வளவு நன்றாக வேறெதுவும் செய்ததில்லை.

பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை காலையில் பார்த்தால் யாளியின் வயிற்றில் தேன் நிறத்தில் ஒரு துளி. சாயங்காலத்துக்குள் பெயின்ட் கொப்பளித்து, வயிறு நீளத்துக்கு வெடித்து, உள்ளேயிருந்து பசை வழிந்தது. அறுத்துப் பார்த்தேன். உள்ளே வெற்றுக் கூடு. இப்படிப்பட்ட காஸ்டிங் துண்டு கெட்டியாக இருக்கும். ரெசின் மிச்சம் பிடிக்க உள்ளே கூடாக பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்தால் வடிகால் துளை விட்டு, உள்ளே கழுவி, உள்ளுக்குள்ளும் புற ஊதா ஒளி காட்ட வேண்டும். ஒன்றுமே செய்யவில்லை. ஒளி படாத ரெசின் உள்ளே திரவமாகவே கிடந்து வெளிச்சுவரை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

விரல்கள் அதற்கு முன்பே சிவந்து கொப்புளித்திருந்தன. காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. வேகாத ரெசின் பட்டதால் வந்த ஒவ்வாமை என்றார் தோல் மருத்துவர். ஒருமுறை பிடித்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் பட்டாலே கிளம்பலாமாம். பொருளை மாற்றிச் சொன்னதற்கு என் கை விலை கொடுத்திருக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் போனில், "வெயில்ல ரெண்டு நாள் வைங்க அக்கா, சரியாயிடும்." அடுத்த போனில், "நீங்க துளை போட்டதுதான் காரணம்." மூன்றாவதில் அக்கா போய் மேடம் வந்தது: "பெயின்ட் பண்ணின பொருளை எடுத்துக்க மாட்டோம் மேடம்." படங்கள் அனுப்பினேன், இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. சனிக்கிழமை என் எண்ணைத் தடுத்துவிட்டார். அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டால் அதே குரல், "ராங் நம்பர்" என்கிறது. செயலிக்காரர்களோ, பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம் என்கிறது வங்கி. 14,600 ரூபாய்க்கு என்னிடம் ஒரு பில் கூட இல்லை, யூபிஐ ஸ்கிரீன்ஷாட் இரண்டுதான். அதை வைத்தே நுகர்வோர் உதவி எண் 1915இல் நேற்று புகார் கொடுத்தேன். சைபர் மோசடி உதவி எண் 1930இலும் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பையன் கையில் கொடுக்க என்னிடம் வீரன் மட்டும்தான் இருந்தான். அதையும் தொட வேண்டாம் என்று பையில் போட்டுக் காட்டினேன். "பரவாயில்ல அத்தை" என்றான்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விளக்கமாக எழுத உட்கார்ந்தேன், கை வலிக்கிறது. ப்ரைமர் அடித்த துண்டை வாங்காதீர்கள், வெறும் ரெசினாகவே கேளுங்கள். செயலிக்கு வெளியே பணம் போடாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். கெமிக்கல் நெடி வந்தாலோ தொட்டால் ஒட்டினாலோ நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இதே சாம்பல் ப்ரைமரோடு பாயும் சிங்கம் யாருக்காவது வந்திருந்தால், முக்கியமாகக் குழந்தைகள் இருக்கிற வீடாக இருந்தால், இன்றைக்கே பையில் கட்டித் தனியாக எடுத்து வையுங்கள். எனக்கு எழுதுங்கள், உங்கள் புகாரோடு என் புகார் எண்ணையும் சேர்த்துக் கொடுக்கலாம்.