எவரெஸ்ட் அடிவாரமா, அன்னபூர்ணா அடிவாரமா: முதல் இமயமலை நடைக்கு எது?

நம் ஊரிலிருந்து முதல்முறையாக இமயமலையில் நடக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்: எவரெஸ்ட் பேஸ் கேம்ப், அன்னபூர்ணா பேஸ் கேம்ப். பேஸ் கேம்ப் என்றால் சிகரம் ஏறுகிறவர்கள் கிளம்பும் அடிவார முகாம். இரண்டும் நேபாளத்தில். எதிலும் கூடாரம் சுமக்க வேண்டாம். வழிநெடுக லாட்ஜ் உண்டு, சுடச்சுட தால் பாத் கிடைக்கும், சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். முதல் நடைக்கு அன்னபூர்ணாவுக்கே போங்கள் என்பேன். ஆனால் அது சுலபம் என்று பலரும் சொல்கிறார்களே, அந்தக் காரணத்துக்காக இல்லை.

உயரத்திலிருந்து ஆரம்பிப்போம். எவரெஸ்ட் முகாம் 5,364 மீட்டர், அன்னபூர்ணா முகாம் 4,130 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். நமக்கு மலையேறிப் பழக்கம் இருக்கலாம், அந்த உயரத்தில் மூச்சுவிட்டுப் பழக்கம் கிடையாது. வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஒரே இரவில் ஏறி இறங்குகிறவருக்கும் 4,000 மீட்டரில் தலைவலியும் குமட்டலும் வரலாம், உயர நோய் என்பது இதுதான். கால் வலுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் உடம்பைப் படுத்தும். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொது விதி.

இந்த விதியை வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எவரெஸ்ட் பாதையின் வழக்கமான திட்டத்திலேயே பொறுமை இருக்கிறது. லுக்லாவில் (2,860) விமானம் இறங்கியதும் நேரே மேலே ஏறாமல், பாக்டிங்குக்கு (2,610) இறங்கித் தூங்குவார்கள். நாம்சே பஜாரில் (3,440) இரண்டு இரவு, திங்போசேயில் (4,410) இரண்டு இரவு. அப்புறம்தான் லோபுசே, முகாமுக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக்‌ஷெப். அன்னபூர்ணாவிலோ அவசரம்தான் வழக்கமாகிவிட்டது. தேவ்ராலியில் (3,200) தூங்கி எழுந்து, மறுநாளே 4,130-இல் போய்ப் படுக்கிறார்கள். ஒரே நாளில் 930 மீட்டர். இன்னும் கீழே ஹிமாலயா லாட்ஜிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு 1,200 மீட்டர். குறைந்த உயரம், குறைந்த நாள் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் போனால் நடுவில் மச்சாபுச்சரே பேஸ் கேம்பில் (3,700) ஓர் இரவு தங்குங்கள். கூட வருகிறவர்கள் முணுமுணுத்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்படியானால் எவரெஸ்ட்தானே பத்திரம் என்று கேட்கலாம். உடம்புக்கு முடியாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. அன்னபூர்ணா முகாமில் தலை சுற்றினால், நடக்க முடிகிற நிலையில் இருக்கும்வரை அதே நாளில் 2,900 மீட்டருக்கு இறங்கிவிடலாம். கோரக்‌ஷெப்பில் (5,164) ஆனால், பாடுபட்டு இறங்கி ஃபெரிசேக்கு வந்து சேர்ந்தாலும் இன்னும் 4,300 மீட்டருக்கு மேலேதான் இருப்பீர்கள். மலைநடைப் பருவத்தில் அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ மையம் இருப்பது பெரிய ஆறுதல். ஆனாலும் தன் உடம்பு உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாத ஒருவர் அதைத் தெரிந்துகொள்ள, சீக்கிரம் இறங்க முடிகிற இடமே நல்லது. என் தேர்வுக்கு முழுக் காரணம் இதுதான்.

அன்னபூர்ணாவுக்கென்று தனி ஆபத்து ஒன்று உண்டு. தேவ்ராலிக்கும் மச்சாபுச்சரே முகாமுக்கும் நடுவே பள்ளத்தாக்கு குறுகிவிடும். ஹியூன்சுலி சிகரத்தின் பனி தலைக்கு மேலே இருக்கும், பாதையிலிருந்து கண்ணுக்கே தெரியாது. 2020 ஜனவரியில் தேவ்ராலிக்கு மேலே பனிச்சரிவில் தென் கொரியர்களும் அவர்களோடு போன நேபாளிகளும் உயிரிழந்தார்கள். புதுப் பனி விழுந்திருந்தால் லாட்ஜ்காரர் சொல்வதைக் கேளுங்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும். குளிர்காலத்திலும் மார்ச் தொடக்கத்திலும் இது இன்னும் முக்கியம்.

பாதையைப் பொறுத்தவரை அன்னபூர்ணா முழங்காலைச் சோதிக்கும், எவரெஸ்ட் மூச்சைச் சோதிக்கும். அன்னபூர்ணா பாதையில் சோம்ரோங் ஊரிலிருந்து ஆற்றுவரை கல்படிகளில் இறங்கி, எதிர்ப்பக்கம் சினுவாவுக்கு மறுபடி ஏற வேண்டும். திரும்பும்போது களைத்த காலோடு அதே படிகள். எவரெஸ்டில் நாம்சே ஏற்றம் கடினம்தான், ஆனால் மேலே போகப் போகச் சரிவு குறைந்து காற்றுதான் மெலிகிறது. எவரெஸ்ட் அடிவார முகாமில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கும்.

காட்சியில் எது உசத்தி? எவரெஸ்ட் பேஸ் கேம்பிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது, முன்னால் நிற்கும் மலைகள் மறைத்துவிடும். அதைப் பார்க்க விடியற்காலை இருட்டில், கடுங்குளிரில் காலாபத்தர் என்ற மேட்டில் ஏற வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் முகாம் முழுக்கச் சிகரம் ஏறுகிறவர்களின் கூடாரங்கள் இருக்கும். அக்டோபரில் போனால் கல்லும் பனியாறும்தான். அன்னபூர்ணா முகாம் அப்படியில்லை. லாட்ஜ் வாசலில் நின்றாலே சுற்றிலும் சிகரங்கள், முதல் வெயில் 8,091 மீட்டர் அன்னபூர்ணாவின் உச்சியில் பட்டு மெல்லக் கீழே இறங்குவதைக் கையில் தேநீரோடு பார்க்கலாம். ஆனால் எவரெஸ்ட் பாதை போகும் கும்பு பகுதியின் ஷெர்பா ஊர்கள், தெங்போசே மடாலயம், துக்லா மேட்டில் மலையில் இறந்தவர்களுக்காக வரிசையாக எழுப்பிய கல் நினைவிடங்கள், இவையெல்லாம் அன்னபூர்ணாவில் கிடைக்காது. மக்களையும் வரலாற்றையும் தேடிப் போகிறவருக்கு எவரெஸ்ட் பாதைதான் மனதில் நிற்கும்.

செலவிலும் நாளிலும் அன்னபூர்ணாவுக்குப் போட்டியே இல்லை. தமிழ்நாடு வழியாகப் போகும் ரப்திசாகர் ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து சுனௌலி எல்லை, பிறகு பஸ்ஸில் பொக்காரா என்று தரைவழியாகவே போய்விடலாம். நடைக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள். எவரெஸ்டுக்குப் பன்னிரண்டு, பதினான்கு நாள் வேண்டும். லுக்லா விமானம் மேகம் மூடினால் பறக்காது, அதனால் கையில் இரண்டு மூன்று நாள் உபரியாக வைத்துக்கொள்ளாமல் போகவே கூடாது.

ஏற்கெனவே 4,000 மீட்டரில் தூங்கிப் பார்த்து, உடம்பு ஒத்துழைக்கிறது என்று தெரிந்தவர், மூன்று வாரம் விடுப்பு கிடைக்கிறவர், தாராளமாக எவரெஸ்டுக்குப் போகலாம்.

எங்கே போனாலும் போர்ட்டர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பேரம் பேசும் முன் சிலவற்றை விசாரியுங்கள். அவருக்குக் காப்பீடு இருக்கிறதா? மேலே குளிருக்குச் சரியான ஷூவும் ஜாக்கெட்டும் இருக்கின்றனவா? இரவில் எங்கே தூங்குவார்? மூங்கில் கூடையை நெற்றிப் பட்டையில் தாங்கி முன்னால் நடக்கிறவரும் பல சமயம் கீழ் ஊர்களிலிருந்து வந்தவர்தான், உயர நோய் அவரையும் தாக்கும். அவருக்குத் தலைவலி என்றால் அன்றைக்கு நீங்களும் ஏறாதீர்கள்.