நீளப் பெயரை எங்கே வெட்டுவது?

தரவுத்தள அட்டவணையில் நெடுவரிசைப் பெயர் நீண்டுவிட்டால், தரவுத்தள மென்பொருள்களில் ஆரக்கிள் கோபக்காரர், போஸ்ட்கிரஸ் மௌனி. 12.1 பதிப்பு வரையிலான ஆரக்கிளில் 30 பைட்டைத் தாண்டினால் ஓஆர்ஏ-00972 பிழையோடு வேலை நின்றுவிடும். போஸ்ட்கிரஸ் 63 பைட்டில் நறுக்கிவிட்டு மேலே போய்விடும். 'நோட்டீஸ்' என்று ஒரு வரி எழுதும்தான்; அறிக்கைக் கருவியில் அதை யார் பார்க்கிறார்கள்? எனக்குக் கோபக்காரரே மேல்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இந்த 63 இன்னும் குறுகல். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனிக் கணக்கு. "மாவட்ட வாரியான மொத்த விற்பனை", "மாவட்ட வாரியான மொத்த விலைக்கழிவு" இரண்டுமே "மாவட்ட வாரியான மொத்த வி" என்று வெட்டுப்பட்டு ஒன்றாகிவிடும்.

எல்லையை உயர்த்தலாமா? ஆரக்கிள் 12.2 முதல் 128 பைட் உண்டு. ஆனால் எந்தப் பதிப்பின் வசதிகள் இயங்கலாம் என்று சொல்லும் 'கம்பேட்டிபிள்' அமைப்பையும் 12.2க்கு ஏற்ற வேண்டும், ஏற்றியதை இறக்க முடியாது. போஸ்ட்கிரஸிலோ மூல நிரலையே மறுபடி தொகுக்க வேண்டும். பெயருக்காக மட்டும் இதைச் செய்வது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

மூல அட்டவணையிலேயே பெயரைச் சுருக்குவது புதிய அட்டவணைக்குச் சரி. ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணையில் கைவைத்தால் தரவேற்றும் நிரல்கள் எல்லாம் உடையும்.

பவர் பிஐ, டேப்லோ போன்ற அறிக்கைக் கருவிகளில் பெயரை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பெயர் அந்தக் கோப்பைத் தாண்டாது; அடுத்த கருவியில் மறுபடி முதலிலிருந்து. அதோடு, சில கருவிகள் நாம் வைத்த தலைப்பையே மாற்றுப்பெயராக, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லுக்குள் அனுப்பும், பழைய எல்லையில் மறுபடி முட்டிக்கொள்ளும். சூப்பர்செட் என்ற கருவி இதை உணர்ந்து, எல்லை மீறிய தலைப்புக்குப் பதில் ஒரு ஹாஷ் குறியீட்டை (தலைப்பிலிருந்து கணக்கிட்ட, பொருள் புரியாத எழுத்துக் கோவை) வைக்கிறது. அறிக்கை ஓடும், வினவலைத் திறந்து பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

என் ஓட்டு வியூவுக்கு, அதாவது சேமித்து வைத்த வினவலை அட்டவணை போலக் காட்டும் அடுக்குக்கு. மூல அட்டவணையைத் தொடாமல், நடுவில் ஒரு வியூ அமைத்து, ஆங்கில எழுத்தில் சுருக்கமான பெயர்களை அதில் வையுங்கள். "மொத்த_விற்பனை" என்பதே 37 பைட், பழைய ஆரக்கிளுக்கு அதுவும் அதிகம். படிப்பவருக்கான தமிழ்த் தலைப்பு கருவியின் காட்சி அடுக்கில் இருக்கட்டும். முழு விளக்கத்தை நெடுவரிசையின் குறிப்பில் எழுதிவிடலாம்.

வியூவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே உள்ள நெடுவரிசையின் பெயரை வியூவைத் திருத்தி எழுதும் 'கிரியேட் ஆர் ரீபிளேஸ்' கட்டளை கொண்டு மாற்ற போஸ்ட்கிரஸ் விடாது. 13ஆம் பதிப்பு முதல் 'ஆல்டர் வியூ' கைகொடுக்கும். அதற்கு முந்தையதில் 'ஆல்டர் டேபிள்' கட்டளையையே வியூவின் மீது ஏவ வேண்டும்.