நெடும் ஃபேன்டஸி தொடர்கள்: வாசகர்கள் எந்தப் புத்தகத்தில் நின்றுவிடுகிறார்கள், ஏன்?

ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' 14 புத்தகங்கள், ஏறக்குறைய 44 லட்சம் சொற்கள். நிமிடத்துக்கு 200 சொல் என்ற வேகத்தில் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், முடிக்க ஒரு வருடம் ஆகும். ஸ்டீவன் எரிக்சனின் 'மலாசான்' 10 புத்தகங்கள், சுமார் 33 லட்சம் சொற்கள். அதே கணக்குப்படி ஒன்பது மாதம். ஆனால் மலாசானில் ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு அதற்கு முந்தைய பக்கத்துக்குத் திரும்புவது சகஜம் என்பதால் அதுவும் ஒரு வருடத்தைத் தின்றுவிடும்.

ஒரு வருடத்தைக் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, கதை எங்கே படுத்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் என்ன காத்திருக்கிறது என்பதுதான். ஒவ்வொரு தொடருக்கும் அந்த இடம் வேறு, காரணமும் வேறு.

வீல் ஆஃப் டைமில் முதல் ஆறு புத்தகங்கள் தடையில்லாமல் ஓடும். ஏழில் வேகம் குறையும். எட்டிலிருந்து பத்து வரைதான் பெரும்பாலானோர் கைவிடும் பகுதி. ஜோர்டனுக்கு எழுத்து வற்றிவிட்டதாகச் சொல்வார்கள், அது சரியல்ல. அதற்குள் முக்கியப் பாத்திரங்கள் ஆளுக்கொரு நாட்டில் சிதறிக் கிடக்கிறார்கள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவதற்குள் புத்தகம் முடிந்துவிடுகிறது. கதைக்குள் சில நாள்களே கழிந்திருக்கும். ஐந்தாம் புத்தகத்தில் பெரின் வரவே மாட்டான், எட்டாவதில் மாட் இல்லை. பெரினின் ஒரே ஒரு கிளைக்கதை எட்டின் முடிவில் தொடங்கிப் பதினொன்றில்தான் தீர்கிறது.

பத்தாவதுதான் உச்சம். ஒன்பதின் கடைசியில் உலகையே உலுக்கும் ஒரு நிகழ்வு நடக்கிறது. அடுத்து என்ன என்று பத்தைத் திறந்தால் காலம் பின்னால் போகிறது. அதே நேரத்தில் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள், தொலைவில் எதை உணர்ந்தார்கள் என்று அத்தியாயம் அத்தியாயமாக வருகிறது. கதாநாயகன் ராண்டுக்கு அதில் கிடைப்பது கொஞ்சம் பக்கங்கள்தான். 2003இல் இதைக் காத்திருந்து வாங்கியவர்களின் கோபம் நியாயமானது. இன்று படிப்பவருக்கு எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் கையில் இருக்கின்றன. இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் படித்தால் ஒரு நீண்ட நடுப்பகுதியாகத் தோன்றும், அவ்வளவு உறுத்தாது. உடை வர்ணனைகளையும் பாவாடையை நீவிவிடும் வாக்கியங்களையும் வேகமாகக் கடக்கலாம். பத்தின் கடைசி அத்தியாயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பதினொன்று அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதில் பழைய வேகம் திரும்பிவிடுகிறது.

ஜோர்டன் 2007இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் எழுதிவைத்த பகுதிகளையும் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்றையும் முடித்தார். ஒட்டுப்போட்ட தையல் பன்னிரண்டாம் புத்தகத்தில், குறிப்பாக மாட் பேசும் விதத்தில் தெரியும். அவன் நகைச்சுவை திடீரென்று சத்தமாகிவிடுகிறது. அடுத்த புத்தகத்தில் அது சரியாகிறது. பதினான்கில் 'கடைசிப் போர்' என்ற ஒரே அத்தியாயம் ஏறக்குறைய 200 பக்கம். அதற்கு ஒரு விடுமுறை நாளை ஒதுக்கிக்கொள்வது நல்லது. 'நியூ ஸ்பிரிங்' என்ற முன்கதை நாவலை முதலில் படிக்க வேண்டாம். அது பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையே, 2004இல் வந்தது; அங்கேயே படித்தால்தான் அதன் குறிப்புகள் புரியும்.

மலாசான் நேர்மாறு. ஜோர்டன் நடுவில் சோர வைக்கிறார் என்றால் எரிக்சன் முதல் 200 பக்கத்திலேயே விரட்டுகிறார். 'கார்டன்ஸ் ஆஃப் த மூன்' கோட்டை மதிலில் எட்டிப் பார்க்கும் ஒரு சிறுவனோடு தொடங்கும். கீழே நகரின் ஒரு பகுதி எரிகிறது, பக்கத்தில் ஒரு தளபதி. அந்தப் பேச்சில் வரும் பெயர்களில் பாதியை யாரும் விளக்க மாட்டார்கள். அடுத்த அத்தியாயம் ஏழு வருடம் தள்ளிப் போகிறது. அதன் பின் பேல் நகர முற்றுகை முடிந்த கையோடு நாம் நடுவில் இறக்கப்படுகிறோம். யார் யாருக்கு எதிரி என்பதைச் சண்டைக்குப் பிறகுதான் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று ஜோர்டன் பாடம் நடத்துவார். எரிக்சனின் பாத்திரங்கள் தமக்குத் தெரிந்ததைத் தமக்குள்ளேயே விளக்கிக்கொள்வதில்லை, நிஜ மனிதர்களைப் போல. அவர் மானுடவியலும் தொல்லியலும் படித்தவர்; ஒரு மண்மேட்டுக்கு அடியில் எத்தனை அடுக்கு என்று பார்க்கும் கண் எழுத்திலும் இருக்கிறது.

இதைக் கடக்க வழி உண்டு. புத்தகத்தின் முன்னால் இருக்கும் பாத்திரப் பட்டியலில் ஒரு அடையாளச் சீட்டு வையுங்கள். அதில் ஆள்கள் அணி வாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பார்கள். ஒருவன் யார் என்பதைவிட எந்த அணி என்பது தெரிந்தாலே போதும். இணையத்தில் பெயரைத் தேடாதீர்கள். விக்கி பக்கத்தின் முதல் வரியிலேயே அவர் எப்போது சாகிறார் என்று இருக்கக்கூடும். கால வரிசையைக் கணக்குப் போட்டு நேராக்கவும் முயல வேண்டாம். முதல் புத்தகத்துக்கும் பிற்பாடு வந்தவற்றுக்கும் சில விவரங்கள் உண்மையிலேயே முரண்படுகின்றன. முதல் நாவல் முதலில் திரைக்கதையாக எழுதப்பட்டது. அது எழுதப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்துத்தான் இரண்டாவது உருவானது. அந்த இடைவெளியில் எழுத்து எவ்வளவு முதிர்ந்தது என்பது 'டெட்ஹவுஸ் கேட்ஸ்' தொடங்கிய சில பக்கங்களிலேயே தெரியும். கோல்டெய்ன் என்ற தளபதி அகதிகளைப் பாலைவழியே அழைத்துச் செல்லும் பகுதிக்கு ஈடாக இந்த வகை எழுத்தில் வேறொன்றைச் சொல்வது கடினம். ஆகவே தீர்ப்பை இரண்டாம் புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை தள்ளிவையுங்கள்.

பிறகும் இரண்டு மேடுகள் உண்டு. நான்காவதின் முதல் பெரும் பகுதி ஒரே ஒரு புதிய ஆளைத்தான் பின்தொடர்கிறது. ஐந்தாவது வேறொரு கண்டத்தில், கிட்டத்தட்ட முழுக்கப் புதியவர்களோடு நடக்கிறது. தவறான புத்தகத்தை வாங்கிவிட்டோமோ என்ற பயம் வேண்டாம். ஏழில் இரண்டும் வந்து சேரும். ஒன்பதும் பத்தும் ஒரே நாவலின் இரண்டு பாதிகள். பத்து கையில் இல்லாமல் ஒன்பதைத் தொடக்கூடாது.

ராபின் ஹாபின் 'எல்டர்லிங்ஸ்' வரிசை 16 புத்தகங்கள், 1995 முதல் 2017 வரை வந்தவை. இங்கே கைவிடுதல் குறைவு, தாவிக்குதித்தல்தான் அதிகம். முதல் மூன்றும் ஃபிட்ஸ் தன் வாயால் சொல்லும் கதை. அடுத்த மூன்று, 'லிவ்ஷிப் டிரேடர்ஸ்', அவன் இல்லாத கடற்கரைக்குப் போய்விடுகிறது. ஃபிட்ஸின் மேல் இருக்கும் பாசத்தில் நேராக ஏழாவதுக்குப் போகிறவர்கள் பலர். போகாதீர்கள். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் தன் தளத்தில் உயிர்விட்ட பின் கண்விழிக்கும் கப்பல் என்ற கற்பனையே இந்த வரிசையின் மிகச் சிறந்தது. ஏழாவதில் ஃபிட்ஸின் நண்பனான விதூஷகனைப் ('த ஃபூல்') பற்றித் திறக்கும் கதவுகளின் சாவியும் அந்த மூன்றில்தான் இருக்கிறது. பத்து முதல் பதின்மூன்று வரை வரும் மழைக்காட்டு ('ரெயின் வைல்ட்ஸ்') நாவல்கள் நான்கும் சற்று மெலிந்தவை. ஆனாலும் கடைசி மூன்றுக்கு அவை தேவை.

சாண்டர்சனின் 'ஸ்டார்ம்லைட்' பத்தாகத் திட்டமிடப்பட்டது. 2010 முதல் 2024 வரை வந்த ஐந்தோடு முதல் பகுதி நிறைகிறது. 'எட்ஜ்டான்சர்' குறுநாவலை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, 'டான்ஷார்ட்' மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே வையுங்கள். நடையில் அழகு எதிர்பார்க்க வேண்டாம். கடைசி 200 பக்கத்தில் எல்லா முடிச்சும் ஒன்றாக அவிழும் வேகத்துக்காகவே படிக்கலாம். ஜார்ஜ் மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் வாக்கியமும் வசனமும் இவர்கள் எல்லோரையும்விடக் கூர்மை. ஆனால் திட்டமிட்ட ஏழில் ஐந்தாவது வந்தது 2011இல். முடிவு தெரியாமல் நிற்கச் சம்மதமுள்ளவர்களுக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்கலாம்.

வடிவத்தையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும். ஆயிரம் பக்கச் சிறு பேப்பர்பேக்கின் முதுகு ஒரே வாசிப்பில் மடிந்து வெடித்துவிடும். கிண்டிலில் எடை இல்லை, ஆனால் வரைபடம் தெளிவாகத் தெரியாது. அதை மொபைலில் தனியாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீல் ஆஃப் டைமும் ஸ்டார்ம்லைட்டும் மைக்கேல் கிராமர், கேட் ரீடிங் குரல்களில் ஆடியோபுக்காக நன்றாக நிற்கின்றன. மலாசானை முதல் முறை காதால் கேட்காதீர்கள். காட்சி மாறியதே தெரியாமல் அரைப்பக்கம் ஓடியபின்தான் பேசுபவரின் பெயர் வரும். அச்சில் கண் உடனே மேலே போய்ச் சரிபார்த்துக்கொள்ளும், காதுக்கு அந்த வசதி இல்லை.