ஏற்காட்டுப் பாதையில் ஸ்போர்ட் வேரியன்ட்: கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

சேலத்தில் குடும்பத்துக்குக் கார் தேடிப் போகிறவரிடம் விற்பனையாளர் கடைசியாகக் காட்டுவது பெரும்பாலும் ஸ்போர்ட் வேரியன்ட்டாக இருக்கும். கறுப்பு கிரில், இருக்கையில் சிவப்புத் தையல், பின்னால் ஒரு ஸ்பாய்லர். சில கார்களில் மாற்றம் அத்தோடு முடிந்துவிடும். சிலவற்றில் தரைத்தட்டுக்குக் கீழேயும் நிறைய மாறியிருக்கும். விலைப்பட்டியலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஏற்காட்டுச் சாலையில் கண்டுபிடித்துவிடலாம். 20 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போய்ச் சேரும்போது சுமார் 1,500 மீட்டர் உயரம், காருக்குள் ஐந்து பேரும் அவர்களுடைய பைகளும்.

ஹூண்டாய் ஐ20-இல் இருந்து தொடங்கலாம், சாதாரண வேரியன்ட்டுக்கும் ஸ்போர்ட் வேரியன்ட்டுக்கும் இடையே உண்மையான தூரம் இருப்பது இங்கேதான். சாதாரண ஐ20-இல் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். மேனுவல் கியருடன் 83 பி.எஸ். பவர், 115 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் இழுவிசை. அந்த டார்க் முழுதாகக் கிடைக்க இன்ஜின் நிமிடத்துக்கு 4,200 சுற்று (ஆர்.பி.எம்.) வரை சுற்ற வேண்டும். 2021-இல் வந்த ஸ்போர்ட் வேரியன்ட்டான ஐ20 என் லைனில் 1.0 லிட்டர் டர்போ: 120 பி.எஸ்., 172 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,500 ஆர்.பி.எம்.மிலேயே. வளைவில் வேகம் குறைந்து மீண்டும் ஏறும் அந்தச் சில வினாடிகளில் இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும். சாதாரண ஐ20-இல் முதல் கியருக்கு இறங்கி இன்ஜினை அலற விட வேண்டிய இடத்தில், என் லைன் இரண்டாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு போய்விடும்.

உயரமும் டர்போவுக்குச் சாதகம். சேலத்தைவிட ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குப் பவரை இழந்துவிடும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது.

இறங்கும்போது பேச வேண்டியது பிரேக்கைப் பற்றி. என் லைனில் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க். சாதாரண ஐ20-இல் பின்னால் டிரம். டிரம்முக்குள் சூடு அடைபட்டு நிற்கும், டிஸ்க் காற்றுப்பட்டு விரைவில் ஆறும். ஆனாலும் இரண்டாம் கியரில் இறங்கும் பழக்கம் உள்ளவருக்கு டிரம் போதும். நியூட்ரலில் இறங்குகிறவரை எந்த டிஸ்க்கும் காப்பாற்றாது. தொப்பூர் கணவாயில் லாரிக்காரர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை காருக்கும் பொருந்தும்.

என் லைனில் சஸ்பென்ஷனும் இறுக்கமானது, ஸ்டீயரிங்கும் சற்றுக் கனம். ஓட்டுகிறவருக்கு வளைவில் நம்பிக்கை கூடும். பின் இருக்கையில் முதுகுவலியோடு இருக்கும் அம்மாவுக்கு ஒவ்வொரு வேகத்தடையும் தனித்தனியாகத் தெரியும். இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: டயர் அளவு மேல்நிலை ஐ20-இலும் என் லைனிலும் ஒன்றேதான், 195/55 ஆர்16. மழையில் நனைந்த சாலையில் பிடிப்பைத் தருவது டயர். அந்த இடத்தில் ஸ்போர்ட் பெயருக்குத் தனிப் பலம் ஏதும் இல்லை.

மே மாதக் கோடை விழா நேரத்தில் மலைக்குப் போகிறவர்கள் மேனுவல் கியரையே எடுக்கலாம் என்பது என் கட்சி. ஐ20 என் லைனின் ஏழு கியர் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து நின்றால் சூடாகும். 2023-இல் கிளட்ச் பெடல் இல்லாத ஐ.எம்.டி.யை எடுத்துவிட்டு முறையான ஆறு கியர் மேனுவலைக் கொடுத்தது நல்ல திருத்தம்.

இதற்கு நேர் எதிர் முனையில் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜி.டி. லைன். 2024-இல் வந்த இந்த வேரியன்ட்டில் சாதாரண விர்ட்டஸில் உள்ள அதே 1.0 லிட்டர் டர்போ, அதே 115 பி.எஸ்., அதே சஸ்பென்ஷன். கூடுதலாகக் கிடைப்பது கறுப்பு நிறம்தான். அதே நூல், அதே தறி, கரை மட்டும் வேறு நிறத்தில் போட்ட வேட்டி. அதற்கு மேலுள்ள ஜி.டி. பிளஸ் ஸ்போர்ட்டில் 1.5 லிட்டர், 150 பி.எஸ். உண்டு, அது மெய்யாகவே வேகமான கார். ஆனால் 2024-இல் வந்தபோது அதிலும் முன்சக்கர டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பருக்குச் சிவப்பு நிறம், பின்சக்கரத்தில் டிரம்! ஸ்கோடா ஸ்லாவியா மான்டே கார்லோவும் இதே குடும்பம், இதே கதை. அழகுக்காக வாங்குவதில் தவறில்லை, அழகுக்குத்தான் பணம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கறுப்பு உட்புறத்தைப் பற்றி ஷோரூம் ஏசியில் நின்று முடிவெடுக்கக் கூடாது. ஏப்ரலில் புதிய பஸ் நிலையம் பக்கம் வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

2024 மார்ச்சில் வந்த ஹூண்டாய் க்ரெட்டா என் லைன், ஐ20 என் லைனுக்கும் விர்ட்டஸ் ஜி.டி. லைனுக்கும் நடுவில் நிற்கிறது. 1.5 லிட்டர் டர்போ, 160 பி.எஸ்., 253 நியூட்டன் மீட்டர். இந்த இன்ஜின் அப்போது சாதாரண க்ரெட்டாவின் உச்ச வேரியன்ட்டிலும் கிடைத்தது, ஆட்டோமேட்டிக்கில் மட்டும். மேனுவல் வேண்டும் என்றால் என் லைனுக்குத்தான் வர வேண்டும். சக்கரம் 17 அங்குலத்திலிருந்து 18 ஆகிறது. டயர் 215/60-க்குப் பதில் 215/55; முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் டயரின் பக்கச்சுவர் 129 மில்லிமீட்டரிலிருந்து 118-க்கு இறங்குகிறது. குழியில் விழும்போது ரிம்மைக் காப்பது அந்தப் பக்கச்சுவர்தான். பார்ப்பதற்கு 18 அங்குலம் கம்பீரம். நம் ஊர்ச் சாலைகளுக்கு எனக்கு 17 போதும்.

ஷோரூமில் யாரும் தாமாகச் சொல்லாத ஒரு கணக்கும் உண்டு. எந்த ஸ்போர்ட் பட்டமும் இல்லாத க்ரெட்டா டீசலின் டார்க் 250 நியூட்டன் மீட்டர். டர்போ பெட்ரோலைவிட மூன்றுதான் குறைவு. ஐந்து பேருடன் மலை ஏற அதுவே தாராளம். பவர் 116 பி.எஸ். என்பதால் உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்கு விரையும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஆக, தனியாகவோ இருவராகவோ ஓட்டி மகிழ்கிறவர் ஐ20 என் லைன் மேனுவலை எடுக்கலாம். அங்கே பணத்துக்குப் பொருள் கிடைக்கிறது. பெற்றோரையும் பிள்ளைகளையும் அடிக்கடி ஏற்றுகிறவர் சாதாரண க்ரெட்டா டீசலை எடுப்பார் என்றால் அவரைத் தடுக்க மாட்டேன். எதுவானாலும் டெஸ்ட் டிரைவுக்கு ஓமலூர் ரோட்டில் நேராகப் போய்த் திரும்பாமல், கோரிமேடு தாண்டி அடிவாரம் வரையாவது விடச் சொல்லிக் கேளுங்கள். பாதி வழியில் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின் இருக்கையில் உட்காருங்கள்.