கேட்கப்படும் செவிலியர், முடிவெடுக்கும் செவிலியர்: பெல்ஜியமும் கனடாவும்

"போதும், என்னை விட்டுவிடுங்கள்" என்று நோயாளி பல நேரம் முதலில் சொல்வது, இரவில் பக்கத்தில் நிற்கும் நர்ஸிடம்தான். அந்த நர்ஸின் குரலுக்குச் சட்டத்தில் என்ன இடம்?

கருணைக்கொலையை அனுமதிக்கும் பெல்ஜியத்தின் 2002 சட்டம் இதை நேராகவே சொல்கிறது. நோயாளியைத் தொடர்ந்து கவனிக்கும் செவிலியர் குழு இருந்தால், மருத்துவர் அவர்களோடு பேசியே ஆக வேண்டும். ஆனால் முடிவு மருத்துவருடையது, அதை நிறைவேற்றுவதும் அவரே. செவிலியர் தயங்கினாலும் அது மருத்துவரைக் கட்டுப்படுத்தாது.

கனடாவின் 2016 சட்டம் வேறு வழியில் போனது. அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஒரு பிரிவு உண்டு. மேல்படிப்பு முடித்து, தாமே நோயறிந்து மருந்து எழுதித் தரும் செவிலியர்கள் இவர்கள். நோயாளி தகுதியானவரா என்று மதிப்பிடவும் மருந்து செலுத்தவும் இவர்களால் முடியும். ஒருவரையொருவர் சாராத இரண்டு பேர் மதிப்பிட வேண்டும். அந்த இருவருமே நர்ஸ் பிராக்டிஷனர்களாக இருக்கலாம். டாக்டர் எளிதில் கிடைக்காத தொலைதூர ஊர்களுக்கு இது பெரிய விஷயம்.

சரி, அங்கே வார்டில் இருக்கும் சாதாரண நர்ஸ்? அவர் உதவலாம், நரம்பில் ஊசி வழி போட்டுக் கொடுக்கலாம். அவரைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது. கனடா சில செவிலியரை மருத்துவருக்குச் சமமாக உயர்த்தியது, நியாயம்தான். ஆனால் நோயாளியின் உடலைத் துடைத்து, அழுகையைக் கேட்டவரிடம் ஒரு வார்த்தை கேள் என்று எழுதி வைத்தது பெல்ஜியம். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், நான் அந்த வரியைத்தான் எடுப்பேன்.