ஃபாஸ்ட்சர்ஃபர்: ஹிப்போகாம்பஸை அளக்கும், அல்சைமர் என்று சொல்லாது

மூளை எம்ஆர்ஐ படங்களை வைத்து அல்சைமர் ஆய்வு செய்பவர்கள் முதலில் நிறுவிப் பார்க்க வேண்டிய இலவச மென்பொருள் இது. படத்தில் மூளையைப் பகுதிகளாகப் பிரித்து, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் உட்பட ஒவ்வொன்றின் அளவையும் சொல்லும். ஜெர்மனியின் பான் நகரில் உள்ள நரம்புச் சிதைவு நோய் ஆய்வு மையத்தின் குழு உருவாக்கியது. ஆய்வுக் கட்டுரை 2020இல் வந்தது. இதே வேலையைச் செய்யும் பழைய மென்பொருளான ஃப்ரீசர்ஃபர் ஒரு மூளைக்கே பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இதற்கு நல்ல ஜிபியு (கிராஃபிக்ஸ் செயலி) இருந்தால் 95 பகுதிகளைப் பிரிக்க ஒரு நிமிடம் போதும். கார்டெக்ஸின் (மூளையின் வெளிப்புற அடுக்கின்) தடிமனும் வேண்டுமென்றால் இன்னும் ஒரு மணி நேரம் போல ஆகும்.

8 ஜிபி ஜிபியு, டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து இயக்கும் கருவி) இரண்டும் இருந்தால் நிறுவுவது சுலபம். பலரும் சறுக்குவது கோப்புப் பாதையில்: டாக்கருக்கு உள்ளே தெரியும் பாதையைக் கொடுக்க வேண்டும், உங்கள் கணினியின் பாதையை அல்ல. கார்டெக்ஸ் அளவீட்டுக்கு ஃப்ரீசர்ஃபர் உரிமக் கோப்பு தேவை. பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும். பகுதி பிரிக்க மட்டும் என்றால் அதுவும் வேண்டாம்.

ஆனால் தவறான படத்தைக் கொடுத்தாலும் இது பெரும்பாலும் முரண்டு பிடிக்காது, அதுதான் ஆபத்து. இதற்கு வேண்டியது 0.7 முதல் 1 மிமீ வரையிலான முப்பரிமாண டி1 படம் (மூளையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும் எம்ஆர்ஐ வகை). 5 மிமீ இடைவெளியில் எடுத்த வழக்கமான ஸ்கேனைக் கொடுத்தால், நடுவில் இல்லாததை இட்டு நிரப்பி, நம்பும்படியான ஓர் எண்ணைக் கையில் தரும். தலை அசைந்த படமும் அப்படித்தான்: சாம்பல் பகுதி குறைவாகப் பதிவாகி, நலமாக இருப்பவரின் மூளையும் சுருங்கியதாகத் தெரியும்.

ஹிப்போகாம்பஸ் பெரியவர்களுக்கு இடம், வலம் ஒவ்வொன்றிலும் சுமார் 3 முதல் 4 கன செமீ இருக்கும். பெரிய தலைக்காரருக்கு அது இயல்பாகவே பெரிது என்பதால் மண்டையோட்டு உட்கொள்ளளவால் வகுத்தே ஒப்பிட வேண்டும். பகுதி மட்டும் பிரிக்கும் முறையில் அந்தக் கொள்ளளவு தானாக வராது; டாலைராக் பதிவை (படத்தைப் பொதுவான மூளை வரைபடத்தோடு பொருத்தும் படியை) தனியே இயக்க வேண்டும்.

ஒரே அளவீட்டை விட ஓராண்டு மாற்றமே அதிகம் பேசும். அல்சைமரில் ஹிப்போகாம்பஸ் ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 சதவீதம் சுருங்கும். சாதாரண முதுமையில் ஏறக்குறைய 1.5 சதவீதம். இடையில் ஸ்கேனரோ மென்பொருள் பதிப்போ மாறினால் இந்தச் சிறு வித்தியாசம் அதிலேயே கரைந்துவிடும். சுருக்கம் உறுதியானாலும், வலிப்பு நோயால் வரும் ஹிப்போகாம்பஸ் தழும்பும் அதே எண்ணைத் தரக்கூடும். உருவாக்கியவர்களே இதை மருத்துவ முடிவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள்.

எண்ணை எடுத்து அட்டவணையில் போடும் முன், பிரித்த பகுதிகளை மூலப்படத்தின் மேல் வைத்து முன்பக்க வெட்டில் (கொரோனல்) ஒரு முறை பாருங்கள். வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) மிகவும் விரிந்த முதியவர்களின் படங்களில் எல்லை பிசகுவது அங்கேதான் தெரியும்.